பி.டி. பருத்தி முதல் திருத்திய நெல் வரை: மரபணு மாற்றுப் பயிர்கள் பற்றி மக்கள் மனம் எப்படி மாறுகிறது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தியாவில் 2002ல் பி.டி. பருத்தி வந்தது, 2010ல் பி.டி. கத்தரி நின்றது, 2022ல் மரபணு மாற்றுக் கடுகு நீதிமன்றத்துக்குப் போனது, 2025ல் மரபணு திருத்திய நெல் அறிவிக்கப்பட்டது. நான்குக்கும் கிடைத்த வரவேற்பும் எதிர்ப்பும் நான்கு விதம். மரபணு என்ற ஒரே காரணத்தை வைத்து இதை விளக்க முடியாது. விதை யார் கையில் இருக்கிறது, சோதனையை யார் செய்தார்கள், அதன் விவரம் வெளியே தெரிந்ததா, வயலில் சொன்னபடி நடந்ததா என்பவைதான் மக்கள் மனத்தைத் தீர்மானித்திருக்கின்றன.

எது மரபணு மாற்றுப் பயிர், எது இல்லை?

வேறொரு உயிரியின் மரபணுவை ஆய்வகத்தில் எடுத்துச் செடிக்குள் நிரந்தரமாகப் புகுத்தினால் அது மரபணு மாற்றுப் பயிர். பி.டி. பருத்தியில் இருப்பது மண்ணில் வாழும் பேசில்லஸ் துரிஞ்ஜியென்சிஸ் (சுருக்கமாக பி.டி.) என்ற பாக்டீரியாவின் மரபணு. அது உண்டாக்கும் புரதத்தைத் தின்ற காய்ப்புழுவின் குடல் கெட்டுப் புழு சாகும்.

ஹைபிரிட் தக்காளி, விதையில்லாத் திராட்சை, ரெட் லேடி பப்பாளி, பிராய்லர் கோழி எதுவும் இந்த வகையில் சேராது. ஹைபிரிட் என்பது இரண்டு ரகங்களை மகரந்தம் மாற்றிச் சேர்ப்பது மட்டுமே. இந்தியாவில் சட்டப்படி வணிக அளவில் பயிரிடப்படும் மரபணு மாற்றுப் பயிர் பருத்தி ஒன்றுதான். சந்தையில் பளபளவென்று இருக்கும் காய்களையெல்லாம் இதில் சேர்த்துப் பயப்படுவது இந்த விவாதத்தைப் பல ஆண்டுகளாகக் குழப்பி வருகிறது.

பருத்தி விவசாயிகள் பி.டி.யை ஏன் அவ்வளவு வேகமாக ஏற்றார்கள்?

தொண்ணூறுகளில் அமெரிக்கன் காய்ப்புழு எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. பைரெத்ராய்டு மருந்துகளை அடித்து அடித்துப் புழு பழகிப்போயிருந்தது. மருந்துக் கடன் ஏறியது, காய் மட்டும் மிஞ்சவில்லை. 2001ல் குஜராத்தில் நவ்பாரத் 151 என்ற பருத்தி வயல்களில் மட்டும் புழு இல்லாததைக் கண்டு சோதித்தபோதுதான், அனுமதி பெறாத பி.டி. விதை ஏற்கெனவே ஆயிரக்கணக்கான ஏக்கரில் நிற்பது தெரிந்தது. அந்தப் பயிரை அழிக்க அரசு உத்தரவிட்டது. விவசாயிகள் எதிர்த்தார்கள். அடுத்த ஆண்டு மார்ச் 26 அன்று மூன்று ஹைபிரிட்களுக்கு முறையான அனுமதி வந்தது.

விவசாயி கருத்தரங்கில் உட்கார்ந்து மனம் மாறவில்லை, பக்கத்து வயலைப் பார்த்து மாறினார். பருத்தி வாரியக் கணக்குப்படி 2002-03ல் எக்டேருக்கு 300 கிலோ அளவில் இருந்த பஞ்சு மகசூல் 2013-14ல் 560 கிலோவைத் தாண்டியது. அதற்குள் நாட்டின் பருத்திப் பரப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பி.டி. ஆகிவிட்டது. கூடுதல் உரம், பாசனம், புதிய ஹைபிரிட்கள் எல்லாம் அந்த உயர்வில் பங்கு பெற்றவை. முழுப் பெருமையையும் ஒரு மரபணுவுக்குக் கொடுப்பது தவறு.

அப்படியானால் பிறகு ஏன் கசந்தது?

இளஞ்சிவப்புக் காய்ப்புழு. முதல் தலைமுறை பி.டி.யை அது தாங்கிக்கொள்வது குஜராத்தில் 2009-10 வாக்கில் உறுதியானது. 2006ல் வந்த இரண்டு மரபணு கொண்ட போல்கார்டு 2 விதையும் அடுத்த பத்தாண்டுக்குள் அதனிடம் தோற்றது. காரணங்கள் ஒன்றோடொன்று பின்னியவை.

முதலாவது, அடைக்கல வரிசை போடாதது. 450 கிராம் பி.டி. பாக்கெட்டோடு 120 கிராம் சாதாரணப் பருத்தி விதை தனிப் பையில் வந்தது. வயலைச் சுற்றி ஐந்து வரிசை அல்லது பரப்பில் 20 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அந்த அளவுக்கு அதை விதைக்கச் சொன்னார்கள். அந்தச் செடிகளில் எதிர்ப்புச் சக்தி இல்லாத புழுக்கள் பிழைத்து அந்துப்பூச்சியாகும். பி.டி. செடியில் தப்பிய ஓரிரு பூச்சிகள் அவற்றோடு சேர்ந்தால், பிறக்கும் புழுக்கள் பெரும்பாலும் பி.டி.க்குச் சாகும். எதிர்ப்புச் சக்தி பரவுவது தள்ளிப்போகும். ஆனால் இரண்டு ஏக்கர் வைத்திருப்பவரிடம் ஐந்தில் ஒரு பங்கைப் புழுவுக்கு விடச் சொல்லும்போது, அந்த நஷ்டத்தை யார் தாங்குவது என்பதை யாரும் சொல்லவில்லை. பையில் இருந்த விதையும் பல நேரங்களில் தரமற்றது, பூக்கும் காலமும் ஒத்துவராதது. பெரும்பாலோர் அதைத் தூக்கிப் போட்டார்கள். பிற்பாடுதான் இரண்டு விதையையும் கலந்தே 475 கிராம் பாக்கெட்டாகக் கொடுக்கும் முறை வந்தது.

இரண்டாவது, ஹைபிரிட். பருத்தி விளையும் பெரும்பாலான நாடுகளில் பி.டி.யை நேர்ரகங்களில், அதாவது விதை எடுத்து மறுபடி விதைத்தாலும் குணம் மாறாத ரகங்களில் வைத்தார்கள். இந்தியாவில் ஹைபிரிட்டில் வைத்தார்கள். ஹைபிரிட் செடியின் இலையில் பி.டி. புரதம் இருக்கும். ஆனால் அதன் காய்க்குள் உருவாகும் விதைகள் அடுத்த தலைமுறை என்பதால் சிலவற்றில் இரண்டு மரபணுவும், சிலவற்றில் ஒன்றும், சிலவற்றில் எதுவுமே இல்லாமலும் பிரியும். இளஞ்சிவப்புப் புழு இலையைத் தின்பதில்லை. காயைத் துளைத்து விதை விதையாகத் தின்னும். கொஞ்சம் நஞ்சு, கொஞ்சம் நஞ்சில்லா உணவு என்று கலந்து கிடைத்தால், புழு பழகுவதற்கு அதைவிட வசதியான இடம் இல்லை.

மூன்றாவது, 180 நாளுக்கு மேலும் பயிரை நிறுத்தி ஒரு பறிப்பு கூடுதலாக எடுக்கும் பழக்கம். இந்தப் புழுவுக்குப் பருத்திதான் முக்கிய உணவு. வயலில் காய் நீடித்தால் அதற்கும் தலைமுறை நீடிக்கும்.

அமெரிக்காவில் இதே புழு ஒழிந்துவிட்டதாக 2018ல் அறிவித்தார்கள். பி.டி.யோடு மலட்டுப் பூச்சிகளை வானிலிருந்து விட்டார்கள், பயிர் முடிவில் கட்டையை அழிப்பதைக் கட்டாயமாக்கினார்கள், வட்டாரம் முழுவதும் ஒரே நேரத்தில் வேலை செய்தார்கள். இங்கே விதையை விற்றதோடு வேலை முடிந்ததாக நினைத்தோம். விதர்ப்பாவின் யவத்மாலில் 2017 பருவத்தில் மருந்தடிக்கும்போது நஞ்சேறி 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மருந்து குறையும் என்று நம்பி வாங்கிய பயிரில் மருந்தே உயிரைக் குடித்தது. அந்த வயல்களில் நம்பிக்கை குலைந்ததை அறியாமை என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

இப்போது பி.டி. பருத்தி போட்டிருப்பவர் எதைக் கவனிக்க வேண்டும்?

விதைத்த 45 நாளிலிருந்து எக்டேருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறி வையுங்கள். லூர் எனப்படும் கவர்ச்சிக் குப்பியை அதன் உறையில் சொன்ன நாளில் மாற்றுங்கள். பழைய லூரில் பூச்சி விழாது, புழு இல்லை என்று ஏமாந்துபோவோம். ஒரு பொறியில் ஒரே இரவில் 8 பூச்சி வீதம் தொடர்ந்து மூன்று இரவு விழுந்தால் மருந்துக்கான நேரம்.

பூவைப் பாருங்கள். இதழ்கள் விரியாமல், நூலால் சேர்த்துக் கட்டியது போல மூடி ரோஜா மொக்காக நின்றால் உள்ளே புழு இருக்கும். காய் வெளியிலிருந்து நல்ல காயாகவே தெரியும், புழு நுழைந்த ஓட்டை மூடிக்கொள்ளும். அதனால் ஏக்கருக்கு 20 பச்சைக் காய்களை அங்கங்கே பறித்து உடைத்துப் பாருங்கள். இரண்டு காயில் புழுவோ, உட்சுவரில் அது துளைத்த தடமோ இருந்தால், மருந்தடிக்க வேண்டிய 10 சதவீத அளவு எட்டிவிட்டது. கடைசிப் பறிப்பு முடிந்ததும் கட்டையை வயலோரம் அடுக்கி வைக்காதீர்கள். அடுத்த பருவத்தின் புழு அதற்குள்தான் உறங்கும்.

பி.டி. விதைதான் விவசாயிகள் தற்கொலைக்குக் காரணமா?

தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கில், 2002க்குப் பிறகு பி.டி. பரவிய வேகத்தில் நாடு தழுவிய தற்கொலை எண்ணிக்கை ஏறவில்லை. அதற்காகப் பிரச்சினையே இல்லை என்று ஆகாது. மானாவாரி நிலத்தில், தொடக்கத்தில் 1,600 ரூபாய்க்கும் மேல் விற்ற பாக்கெட்டைக் கடனுக்கு வாங்கிப் போட்டு மழை பொய்த்தால், நஷ்டம் முன்பைவிடப் பெரியது. அந்த விலையில் பெரும்பகுதி தொழில்நுட்பக் கட்டணம். 2006ல் ஆந்திர அரசு வழக்காடி 750 ரூபாயாகக் குறைத்தது. பின்னாளில் மத்திய அரசே விலையைக் கட்டுப்படுத்தியது, 2020ல் தொழில்நுட்பக் கட்டணம் பூஜ்யமானது. கடனும் மழையும் விலையும் சேர்ந்து செய்ததை ஒரு மரபணு செய்ததாகச் சொல்வதால், கடன் கொடுத்த முறை கேள்விக்கு உள்ளாகாமல் தப்பிவிடுகிறது.

பி.டி. கத்தரியை ஏன் நிறுத்தினார்கள்? தமிழ்நாட்டுக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு உண்டு. மகிகோ நிறுவனம் உருவாக்கிய மரபணுவை, கோவையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நம் ஊர் ரகங்களான கோ 2, எம்டியு 1, கேகேஎம் 1, பிஎல்ஆர் 1 ஆகியவற்றுக்குள் கொண்டுவந்தது. நேர்ரகம் என்பதால் விவசாயி விதை எடுத்து வைத்துக்கொள்ளலாம். தண்டு, காய்த் துளைப்பானுக்காகக் கத்தரிக்கு வாரத்துக்கு இரண்டு மூன்று முறை மருந்தடிப்பதை அறிந்தவர்களுக்கு இதன் தேவை புரியும்.

2009 அக்டோபர் 14 அன்று மத்திய அரசின் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு சம்மதித்தது. சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த ஜெய்ராம் ரமேஷ் உடனே அனுமதிக்காமல், 2010 ஜனவரி, பிப்ரவரியில் ஏழு நகரங்களில் மக்களிடம் கருத்துக் கேட்டார். பல மாநில அரசுகள் வேண்டாம் என்றன. தமிழ்நாட்டில் நம்மாழ்வாரும் இயற்கை விவசாயிகளும் முன்னின்று எதிர்த்தார்கள். பிப்ரவரி 9 அன்று தடை வந்தது. அவசரமாக விட வேண்டிய தேவை இல்லை, சுதந்திரமான நீண்டகாலச் சோதனை போதவில்லை, மக்களிடமும் அறிவியலாளர்களிடமும் ஒருமித்த கருத்து இல்லை என்பன அமைச்சர் சொன்ன காரணங்கள்.

எதிர்ப்பு அவ்வளவு கூர்மையானதற்கு ஒரு முன்கதை உண்டு. பாதுகாப்புச் சோதனை விவரங்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேட்டபோது தர மறுத்தார்கள். விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போன பிறகுதான் 2008ல் அவை வெளியே வந்தன. மறைத்ததைப் பார்த்த பிறகு, உள்ளே என்ன எழுதியிருந்தாலும் மக்கள் எப்படி நம்புவார்கள்? கத்தரி தோற்றதில் பாதி, விவரத்தை மறைத்த அந்த ஆண்டுகளில் நடந்தது என்பது எங்கள் கணிப்பு. உணவுப் பயிர், அதுவும் நம் மண்ணிலேயே நூற்றுக்கணக்கான ரகங்கள் உள்ள பயிர் என்பது மீதிப் பாதி.

வங்கதேசம் அதே கத்தரியை ஏற்றதே, அங்கே என்ன ஆனது?

2013 அக்டோபரில் நான்கு ரகங்களுக்கு அனுமதி கொடுத்து, 2014 ஜனவரியில் 20 விவசாயிகளுக்கு நாற்று தந்தார்கள். முதல் பருவத்தில் சில வயல்கள் பாக்டீரியா வாடலில் விழுந்தன. பத்திரிகைகள் பி.டி. தோற்றது என்று எழுதின. பி.டி. துளைப்பானை மட்டுமே தடுக்கும். வாடல் நோய், வெள்ளை ஈ, சிலந்திப்பேன் எதையும் தொடாது. இதை நாற்றோடு சேர்த்துச் சொல்லிக் கொடுத்த பிறகு நிலைமை மாறியது. மருந்துச் செலவு வெகுவாகக் குறைந்ததாகப் பின்னர் நடந்த கள ஆய்வுகள் காட்டின. ஆராய்ச்சி நிலையமே விதையைக் கொடுத்தது, விவசாயி எடுத்து வைத்துக்கொள்ளவும் தடையில்லை என்பது அங்கே பயத்தைக் குறைத்தது. இந்தியாவில் தடை நீடித்தபோது, 2019ல் ஹரியானாவின் ஃபதேஹாபாத்தில் அனுமதியில்லாத பி.டி. கத்தரி வயலில் கண்டுபிடிக்கப்பட்டு அழிக்கப்பட்டது.

நாம் ஏற்கெனவே இவற்றைச் சாப்பிடுகிறோமா?

எண்ணெய் வடிவில், ஆம். பருத்திக்கொட்டை எண்ணெய் பி.டி. பருத்தியிலிருந்து வருகிறது. அர்ஜென்டினா, பிரேசிலிலிருந்து வரும் சோயா எண்ணெயும் பெரும்பாலும் மரபணு மாற்றுச் சோயாதான். 2021 ஆகஸ்டில் கோழித் தீவனத்துக்காக 12 லட்சம் டன் மரபணு மாற்றுச் சோயாப் புண்ணாக்கு இறக்குமதிக்கு அரசு அனுமதித்தது. சுத்திகரித்த எண்ணெயில் புரதம் ஏறக்குறைய மிஞ்சுவதில்லை.

2018ல் டெல்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் 65 உணவுப் பொருள்களைச் சோதித்ததில் 32 சதவீதத்தில் மரபணு மாற்று அடையாளம் இருந்தது. அவற்றில் பெரும்பாலானவை இறக்குமதிச் சரக்கு. 2013 முதலே பொட்டலத்தின் மேல் அதைக் குறிக்க வேண்டும் என்ற எடையளவு விதி இருக்கிறது. கடையில் அந்த எழுத்தைத் தேடிப் பாருங்கள், கிடைப்பது அரிது.

லேபிள் ஒட்டினால் பயம் கூடுமா?

நிறுவனங்கள் அப்படித்தான் சொல்லி வந்தன. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் 2016ல் லேபிள் கட்டாயமானது. அதற்கு முன்னும் பின்னும் எடுத்த கணிப்புகளை ஒப்பிட்ட ஆய்வு 2018ல் வந்தது. மற்ற மாநிலங்களோடு ஒப்பிட்டால் அங்கே எதிர்ப்பு 19 சதவீதம் குறைந்திருந்தது. தேர்ந்தெடுக்கும் உரிமை தன் கையில் இருக்கும்போது மனிதர் பதறுவதில்லை.

கருத்துக்கணிப்பு முடிவுகளை எப்படி எடுத்துக்கொள்வது?

கேள்வியின் வாசகத்தை முதலில் படியுங்கள். 2015 ஜனவரியில் ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகக் கணிப்பில், டி.என்.ஏ. உள்ள உணவுக்கு லேபிள் வேண்டுமா என்று கேட்டதற்கு 80 சதவீதம் பேர் வேண்டும் என்றார்கள். எல்லாக் காய்கறியிலும் டி.என்.ஏ. இருக்கிறது. எந்தப் பயிர், எந்தக் குணம், யார் விற்பது என்று சொல்லாமல் "மரபணு மாற்றுப் பயிரை ஆதரிக்கிறீர்களா" என்று கேட்டால் கிடைப்பது அந்தச் சொல்லைப் பற்றிய உணர்வு மட்டுமே. "தெரியாது" என்று சொல்ல இடம் இருந்ததா என்றும் பாருங்கள். அந்த இடம் இல்லையென்றால், யோசித்தே பார்க்காதவர்களும் ஏதோ ஒரு பக்கத்தில் எண்ணப்பட்டிருப்பார்கள். விவசாயியையும் வாங்கிச் சாப்பிடுபவரையும் ஒரே கூட்டலில் போட்ட கணிப்பை ஒதுக்கிவிடுங்கள்.

அறிவியலை விளக்கிச் சொன்னால் எதிர்ப்பு போய்விடாதா?

ஓரளவுக்கு மட்டும். கடுமையாக எதிர்ப்பவர்கள் தங்களுக்கு அதிகம் தெரியும் என்று நினைப்பதும், மரபியல் கேள்விகளில் குறைவாக மதிப்பெண் பெறுவதும் 2019ல் வெளியான ஓர் ஆய்வில் தெரிந்தது. அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்கள் 2016ல் நூற்றுக்கணக்கான ஆய்வுகளைப் பரிசீலித்து, இப்போது விற்பனையில் உள்ள பயிர்களை உண்பதால் கூடுதல் ஆபத்து இருப்பதற்கான சான்று இல்லை என்றன. ஆனால் மக்கள் கேட்பதில் பெரும்பகுதி உடல்நலத்தைப் பற்றியதே அல்ல: விதைக்கு ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டுமா, பக்கத்து வயலின் இயற்கைச் சான்றிதழ் என்ன ஆகும், புழு பழகிவிட்டால் அடுத்து என்ன? எலிச் சோதனை முடிவைக் காட்டி இவற்றுக்குப் பதில் சொல்ல முடியாது.

விவசாயிகளே தடையை மீறிப் பயிரிட்டது உண்மையா?

உண்மை. 2019 ஜூனில் மகாராஷ்டிராவின் அகோலா மாவட்டத்தில் ஷேத்கரி சங்கடனா அமைப்பினர், களைக்கொல்லி தாங்கும் அனுமதியில்லாப் பருத்தியைப் பகிரங்கமாக விதைத்தார்கள். ஐந்து ஆண்டுச் சிறை, ஒரு லட்சம் அபராதம் வரை போகக்கூடிய குற்றம் என்று தெரிந்தே செய்தார்கள். களையெடுக்கும் கூலிதான் அவர்கள் சொன்ன காரணம். அதே கூலியை நம்பி வாழும் பெண்களின் பக்கத்திலிருந்து பார்த்தால் கணக்கு வேறு.

அந்த விதையை வாங்காதீர்கள். பில் கிடையாது, முளைக்காவிட்டால் நஷ்டஈடு கிடையாது, உள்ளே எந்த மரபணு இருக்கிறது என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. பி.டி.தானா என்று பார்க்கச் சோதனைப் பட்டை உண்டு. இளம் இலையில் சிறு துண்டைக் குழாயில் போட்டு, தரும் கரைசலில் நன்றாக நசுக்கி, பட்டையை நிமிர்த்தி வையுங்கள். பத்து நிமிடத்தில் இரண்டு கோடு வந்தால் அந்தப் புரதம் இருக்கிறது. ஒரு கோடு மட்டும் வந்தால் இல்லை. கோடே வராவிட்டால் பட்டை கெட்டது, முடிவு செல்லாது.

கடுகு வழக்கு எங்கே நிற்கிறது?

டெல்லிப் பல்கலைக்கழகத்தில் தீபக் பென்டல் குழு உருவாக்கிய டிஎம்எச் 11 என்ற மரபணு மாற்றுக் கடுகு அரசுப் பணத்தில் பிறந்தது. "அந்நிய நிறுவனம்" என்ற வாதம் இதில் எடுபடாது. ஆனாலும் எதிர்ப்பு தணியவில்லை. களைக்கொல்லியைத் தாங்கும் மரபணுவும் அதில் இருப்பது, தேனீக்கள், பழைய ரகங்களோடு மட்டும் மகசூலை ஒப்பிட்டது ஆகியவை கேள்விகளாயின. 2022 அக்டோபரில் நிபந்தனையோடு அனுமதி வந்தது. 2024 ஜூலை 23 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி நாகரத்னா அனுமதியை ரத்து செய்தார், நீதிபதி சஞ்சய் கரோல் செல்லும் என்றார். மக்களிடம் கேட்டு தேசியக் கொள்கை வகுக்க வேண்டும் என்பதில் இருவரும் ஒன்றுபட்டார்கள்.

திருத்திய நெல்லுக்கு எதிர்ப்பு ஏன் குறைவாகத் தெரிகிறது?

2025 மே 4 அன்று அறிவித்த டிஆர்ஆர் தான் 100 (கமலா), பூசா டிஎஸ்டி ரைஸ் 1 இரண்டிலும் வெளி மரபணு இல்லை. நெல்லின் சொந்த மரபணுவையே ஓரிடத்தில் திருத்தியிருக்கிறார்கள். முதலாவது சம்பா மசூரியிலிருந்து வந்தது, இரண்டாவது எம்டியு 1010லிருந்து. இவ்வகைக்கு 2022 மார்ச்சிலேயே மத்திய ஒப்புதல் குழுவின் விதிகளிலிருந்து விலக்கு கொடுத்துவிட்டார்கள். மரபணுவைத் திருத்தும் கருவியின் காப்புரிமை யாருடையது என்ற கேள்வி இன்னும் இருக்கிறது. முன் சொன்ன பட்டையாலும் இந்த நெல்லைப் பிரித்தறிய முடியாது, ஏனென்றால் பிடிக்கப் புதிய புரதமே இல்லை. அதனால் கள விவரங்களை ரகம் ரகமாக, இடம் இடமாக வெளியிடுவது இங்கே இன்னும் அவசியம். எதிர்ப்பு குறைவு என்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டால் கத்தரியின் தவறு திரும்ப நடக்கும்.

அரசு கருத்துக் கேட்கும்போது என்ன எழுதுவது?

2016ல் கடுகுக்கு 30 நாள் கொடுத்தார்கள். முழு ஆவணத்தைப் படிக்க டெல்லி அலுவலகத்துக்கு நேரில் போக வேண்டியிருந்தது. அதனால் முதல் வரியிலேயே முழு ஆவணத்தையும் இணையத்தில், மாநில மொழியில் கேளுங்கள். பிறகு "எதிர்க்கிறேன்", "ஆதரிக்கிறேன்" என்பதோடு நிறுத்தாமல் பயிரின் பெயர், உங்கள் வட்டாரம், இப்போது அடிக்கும் மருந்தும் அதன் செலவும், விதை எடுத்து வைக்கும் வழக்கம் ஆகியவற்றை எழுதுங்கள். சோதனை எத்தனை இடத்தில், எத்தனை பருவம், எந்த ரகத்தோடு ஒப்பிட்டு நடந்தது என்று கேளுங்கள். புழு பழகினால் கண்காணிப்பது யார், நஷ்டம் யாருடையது என்பதற்கு எழுத்தில் பதில் கேளுங்கள். அனுப்பிய தேதியுடன் நகலை வைத்திருங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமை மனுவோடு இணைக்க அது வேண்டும்.